பத்தியும் புத்தகமும்: சீன மாணவரின் கோடை விடுமுறை ஆங்கில வாசிப்புப் பயிற்சி – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

சீனாவில் பள்ளி ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி தொடங்குகிறது. ஜூலையில் விடும் கோடை விடுமுறை ஆகஸ்ட் இறுதிவரை நீள்கிறது. இடைப்பட்ட ஏழெட்டு வாரங்களுக்குப் பள்ளிகள் வீட்டுப்பாடம் கொடுத்தனுப்புகின்றன. அதற்கென்றே அச்சாகும் மெல்லிய பயிற்சி ஏடுகளில் ஆங்கிலப் பகுதியைப் புரட்டினால் பெரும்பாலும் ஒரே வார்ப்புதான் கண்ணில் படும்: ஏறத்தாழ 300 சொற்களில் ஒரு பத்தி, அதன் கீழ் மூன்று நான்கு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் ஏ, பி, சி, டி என நான்கு விடைகள்.

விடுமுறை, நிதானமாக நீண்டு படிக்க வாய்த்த காலம். மணியடித்ததும் புத்தகத்தை மூட வேண்டிய கட்டாயம் அப்போது இல்லை. அப்படியிருந்தும், தேர்வறையில் படிக்கும் அதே துண்டுப் பத்தியை விடுமுறையிலும் படிக்கும் வழக்கம் எவ்வாறு நிலைபெற்றது என்பதே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி. கடந்த நாற்பது ஆண்டுகளாகக் கோடைப் பயிற்சியின் வடிவத்தைத் தீர்மானித்து வந்தது ‘காவ்காவ்’ எனப்படும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வின் வினாத்தாளே. நிறைய வாசிக்கச் சொன்ன பாடத்திட்டமும் பாடச்சுமையைக் குறைக்கச் சொன்ன அரசாணைகளும் அந்த வடிவத்தைப் பெரிதாக அசைக்கவில்லை. வினா மாறியபோதுதான் அது மாறத் தொடங்கியது. இக்கருத்தைக் கால வரிசையில் நிறுவ இக்கட்டுரை முயல்கிறது.

நூலே பாடமாக இருந்த காலம்

இரண்டாம் அபினிப் போரை ஒட்டிய உடன்படிக்கைகளுக்குப் பிறகு, மொழிபெயர்ப்பாளர்களைப் பயிற்றுவிக்க சிங் அரசு 1862-இல் பெய்ஜிங்கில் துங்வென் குவான் பள்ளியை நிறுவியது. முதல் ஆங்கில வகுப்பில் இருந்தவர்கள் பத்து மாணவர்கள். அரசுக்கு வந்த அயல்நாட்டு ஆவணங்களைப் பிழையின்றிப் படித்து, சீனத்தில் பெயர்ப்பதே அவர்களுடைய கல்வியின் நோக்கம். சொல் சொல்லாகப் பிரித்து, ஐயம் தீர்ந்த பிறகே அடுத்த வரிக்குச் செல்லும் வாசிப்புக்கு அரசுத் தேவை என்ற வலுவான காரணம் இருந்தது.

1905-இல் பழைய ஆட்சிப்பணித் தேர்வு ஒழிக்கப்பட்டது. புதிய வகைப் பள்ளிகளில் அயல்மொழி முக்கியப் பாடமாயிற்று. குடியரசுக் காலத்தில் ஷாங்காய் பதிப்பகங்களுக்கு ஆங்கிலப் பாடநூல் பெரும் வணிகமாக இருந்தது. லின் யூதாங் எழுத, ஓவியர் ஃபெங் ஸிகாய் படம் வரைய, காய்மிங் பதிப்பகம் 1920-களின் இறுதியில் வெளியிட்ட ஆங்கில வாசிப்பு நூல் நாடெங்கும் புகழ்பெற்றது. உயர் வகுப்புகளில் லாம்ப் உடன்பிறப்புகளின் ஷேக்ஸ்பியர் கதைகள் போன்றவை முழு நூல்களாகவே படிக்கப்பட்டன. இந்தக் கல்வி நகரத்துச் சிறுபான்மையினருக்கு மட்டுமே கிட்டியது. ஆயினும் அவர்கள் படித்ததற்குத் தொடக்கம், நடு, முடிவு இருந்தன என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

அறுந்த மரபு

1949-க்குப் பின் ரஷ்ய மொழி முன்னுக்கு வந்தது. 1954 இலையுதிர் பருவம் முதல் நடுநிலைப் பள்ளிகளில் அயல்மொழியே கற்பிக்க வேண்டாம் என்று கல்வி அமைச்சகம் அறிவித்தது. சோவியத் உறவு கசந்த பிறகு, 1960-களின் தொடக்கத்தில் ஆங்கிலம் மெல்லத் திரும்பியது. சூ குவோட்சாங்கின் பல்கலைக்கழகப் பாடநூல் அக்காலத்து விளைவு. ஒரு சிறு பாடத்தை எடுத்து அதன் இலக்கணத்தையும் சொல்லாட்சியையும் அலசி ஆராயும் ‘தீவிர வாசிப்பு’ முறையைத் தலைமுறை தலைமுறையாகப் பதிய வைத்த நூல்களில் அது முதன்மையானது.

1966-இல் பண்பாட்டுப் புரட்சி தொடங்கியதும் நுழைவுத் தேர்வு நின்றது. பாடநூல்களில் அரசியல் முழக்கங்கள் இடம்பிடித்தன. 1973 ஜூலையில் ஹெனான் மாகாணத்தின் தாங்ஹே வட்டத்தில், ஆங்கிலத் தேர்வுத்தாளில் அயல்மொழிக் கல்வியை எள்ளி எழுதியதற்காகக் கண்டிக்கப்பட்ட ஒரு பள்ளி மாணவி உயிரை மாய்த்துக்கொண்டாள். அடுத்த ஆண்டு இந்நிகழ்வு ஆசிரியர்களுக்கு எதிரான நாடு தழுவிய இயக்கமாக ஊதிப் பெருக்கப்பட்டது. ஆங்கிலம் நடத்துவதே ஆசிரியர்களுக்கு ஆபத்தான வேலையாகிவிட்ட சூழலில், மாணவர் விடுமுறையில் ஆங்கிலம் படிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

மதிப்பெண் ஏறிய வரலாறு

1977 குளிர்காலத்தில் காவ்காவ் மீண்டும் நடந்தபோது 57 லட்சம் பேர் எழுதினர். இடம் கிடைத்தது சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம் பேருக்கு. ஆங்கிலம் கற்பித்த பள்ளிகளே அரிதாக இருந்ததால், அதன் மதிப்பெண்ணை உடனே முழுதாகக் கணக்கில் சேர்க்க முடியவில்லை. படிப்படியாகவே சேர்த்தார்கள்: 1980-இல் 30 சதவீதம், 1981-இல் 50, 1982-இல் 70, 1983-இல் 100.

இந்த ஏறுவரிசை வீடுகளுக்குள் என்ன செய்தது என்பதை ஊகிப்பது கடினமன்று. 1982-இல் மத்தியத் தொலைக்காட்சி பி.பி.சி.யின் ‘ஃபாலோ மீ’ தொடரை ஒளிபரப்பியபோது, தொகுப்பாளர் கேத்தி ஃப்ளவர் நாடறிந்த முகமானார். 1983-இல் ஷான்சி மாகாணத்தின் லின்ஃபென் நகரில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து ‘ஆங்கில வாரச் செய்தி’ என்ற மாணவர் இதழ் வெளிவரத் தொடங்கியது. பாடநூலின் ஒவ்வோர் அலகுக்கும் பொருந்தும் பயிற்சிகளைத் தாங்கி, பள்ளிகள் வழியாகச் சந்தா திரட்டி வளர்ந்தது அது. தொலைக்காட்சித் தொடர் ஆர்வத்தால் கற்போருக்கு உதவியது. வார இதழ் தேர்வுக்காகக் கற்போருக்கு உதவியது. விடுமுறைச் சிறப்பிதழ்கள் இந்த இரண்டாவது மரபில் வந்தவை.

பத்தியின் வெற்றி

1980-களின் தொடக்கத்துத் தேர்வுத்தாளில் இலக்கணமும் மொழிபெயர்ப்புமே மேலோங்கி இருந்தன. அதை மாற்ற முனைந்தவர் குவாங்சோ அயல்மொழிக் கல்லூரியைச் சேர்ந்த மொழியியலாளர் குய் ஷிச்சுன். இலக்கண விதியை ஒப்பிப்பதை விட்டுவிட்டு மொழியைப் பயன்படுத்தும் திறனை அளக்க வேண்டும் என்பது அவரது குழுவின் நோக்கம். அவர்கள் வடிவமைத்த தரப்படுத்திய தேர்வு 1985-இல் குவாங்டாங் மாகாணத்தில் சோதித்துப் பார்க்கப்பட்டு, பின்னர் நாடு முழுவதும் பரவியது. கணினியால் திருத்தக்கூடிய கொள்குறி வினாக்களே அதன் முதுகெலும்பு. வாசிப்புப் பத்தி அதில் நடுநாயகமானது.

குழுவின் உறுப்பினர் லி சியாவ்ஜு, ஒரு மொழித் தேர்வுக்கு எவ்வளவு ஆற்றல் இருக்க முடியும் என்று வினவி 1990-இல் எழுதிய ஆய்வுரை, வகுப்பறை மாறி வருவதை நம்பிக்கையோடு பதிவு செய்தது. பதினைந்து ஆண்டுகள் கழித்து ச்சி லுசியா வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையைக் கேள்விக்குள்ளாக்கியது. தேர்வை வடிவமைத்தவர்கள் மொழிப் பயன்பாட்டை விரும்பினார்கள். ஆசிரியரும் மாணவரும் மதிப்பெண்ணை விரும்பினார்கள். ஆகவே இறுதியாண்டு வகுப்புகள் தேர்வு வடிவத்தை அப்படியே பழக்கும் களங்களாயின. இக்கட்டுரையின் நோக்கில் இதுவே திருப்புமுனை. இலக்கண மனப்பாடத்தை முறியடிக்க வந்த பத்தி, தானே ஒரு பழக்கும் கருவியாகிவிட்டது.

தேர்வு நாளும் இதில் ஒரு பங்கு வகித்தது. 2002 வரை காவ்காவ் ஜூலை 7, 8, 9 தேதிகளில் கொளுத்தும் வெயிலில் நடந்தது. 2003 முதல் ஜூன் 7-க்கு முன்னகர்த்தப்பட்டது. அதனால் மேல்நிலை இரண்டாம் ஆண்டை முடித்து இறுதியாண்டுக்குள் நுழையும் மாணவருக்கு ஒரு மாதம் குறைந்தது. தேர்வுக்கு முன் கிடைக்கும் கடைசி நீண்ட விடுமுறை என்பதால் அவர்களுடைய கோடையே மிகக் கனமான பயிற்சிக் காலமாயிற்று.

ஒரு பயிற்சிப் பக்கத்தின் உள்ளே

பயிற்சி ஏட்டில் ஒரு நாளுக்கான பக்கத்தைக் கூர்ந்து பார்த்தால் வினாத்தாளின் சாயல் தெளிவாகத் தெரியும். காவ்காவ் தாளின் நான்கு பத்திகளுக்கும் தனித்தனிக் குணம் உண்டு. முதலாவது பெரும்பாலும் அறிவிப்பு: அருங்காட்சியகக் கட்டண விவரம், முகாம் விளம்பரம் போன்றவை. அடுத்தது யாரோ ஒருவரின் அனுபவம். மூன்றாவதும் நான்காவதும் அறிவியல், சமூகம், ஆய்வு முடிவுகள் பற்றியவை, நான்காவதே கடினமானது. கோடை ஏடும் இந்த வரிசையை ஒட்டியே பத்திகளை அடுக்குகிறது.

கற்றுத்தரப்படும் உத்திகளும் தேர்வுக்கேற்றவையே. பத்தியைத் தொடும் முன் வினாவைப் படி. வினாவின் முக்கியச் சொல்லைப் பத்தியில் தேடி அடிக்கோடிடு. பத்திச் சொல்லை அப்படியே திருப்பிச் சொல்லும் விடையை நம்பாதே; அதே பொருளை வேறு சொல்லில் கூறும் விடையைத் தேர்ந்தெடு. நீண்ட வாக்கியம் வந்தால் கிளை வாக்கியங்களை அடைப்புக்குறிக்குள் தள்ளி, எழுவாயையும் பயனிலையையும் கண்டுபிடி. இவற்றால் மதிப்பெண் கூடுகிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் பத்தி முழுவதையும் படித்து ரசித்தவருக்குத் தனிப் பலன் எதுவும் இல்லை.

பின்பக்கத்து விடைத்தாளை ஆசிரியர்கள் முன்கூட்டியே கிழித்து வாங்கிக்கொள்வது பரவலான வழக்கம். ஜூலையில் தொடாத பக்கங்களை ஆகஸ்ட் கடைசி நாள்களில் ஒரே மூச்சில் நிரப்புவதும், நண்பரின் ஏட்டைப் பார்த்து எழுதுவதும், கைப்பேசியில் வினாவைப் படம் பிடித்து விடை தேடுவதும் அதே அளவுக்குப் பரவலானவை. நான்கெழுத்துகளில் ஒன்றை வட்டமிடுவதே வேலை என்றாகும்போது, வாசிக்காமலே பயிற்சியை முடிக்க வழி பிறந்துவிடுகிறது.

பாடத்திட்டம் கேட்டது

2001-இல் கல்வி அமைச்சகம் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் தொடங்க வழி செய்து, புதிய பாடத்தரங்களையும் வெளியிட்டது. ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள் பாடநூலுக்கு வெளியே மொத்தம் ஒன்றரை லட்சம் சொற்களாவது படித்திருக்க வேண்டும் என்ற இலக்கு அதன் பிந்தைய பதிப்புகளிலும் தொடர்கிறது. மேல்நிலைப் பள்ளிக்கான 2017 பாடத்தரம், கட்டாயப் பாடநிலையில் வாரத்துக்கு 1,500 சொற்களும் அடுத்த நிலையில் 2,500 சொற்களும் பாடநூலுக்கு வெளியே வாசிக்கச் சொல்கிறது.

இந்த அளவைக் கோடை விடுமுறைக்குப் பொருத்திப் பார்க்கலாம். வாரம் 1,500 வீதம் ஏழு வாரங்களுக்கு 10,500 சொற்கள். 300 சொற்பத்திகளாகக் கணக்கிட்டால் முப்பத்தைந்து பத்திகள். ஆக்ஸ்ஃபோர்டு புக்வார்ம்ஸ் வரிசையின் மூன்றாம் நிலைக் கதைநூலும் ஏறத்தாழ இதே அளவுதான். அந்நிலை நூல்கள் 1,000 அடிப்படைச் சொற்களுக்குள் சுருக்கி எழுதப்பட்டவை. இவ்வரிசையை அயல்மொழிக் கல்வி மற்றும் ஆய்வுப் பதிப்பகம் இருமொழிப் பதிப்பாகச் சீனாவில் பரப்பியது. எண்ணிக்கையில் இரண்டும் சமம். ஆனால் முப்பத்தைந்து பத்திகளைப் படிப்பவர் முப்பத்தைந்து முறை புதிய பொருளுக்குள் நுழைந்து, பழகும் முன்பே வெளியேறுகிறார். இன்று கண்ட புதுச்சொல் நாளை வராது. ஒரே நூலைப் படிப்பவருக்கு அதே ஆட்களும் அதே சொற்களும் திரும்பத் திரும்ப எதிர்ப்படுகின்றன. நாற்பதாம் பக்கம் அவருக்கு நான்காம் பக்கத்தைவிட எளிதாகிறது. பாடத்திட்டம் அளவை மட்டும் சொல்லி வடிவத்தைத் திறந்து விட்டதால், அந்த வெற்றிடத்தைத் தேர்வு நிரப்பியது.

தனியார் வகுப்புகளும் 2021 ஆணையும்

பள்ளி விட்ட இடத்தைக் கோச்சிங் நிறுவனங்கள் பிடித்தன. 1993-இல் யூ மின்ஹோங் பெய்ஜிங்கில் தொடங்கிய நியூ ஓரியண்டல் 2006-இல் நியூயார்க் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. கோடைக்கால வகுப்புகள் இத்தொழிலின் அறுவடைக் காலம். லி யாங்கின் ‘கிரேஸி இங்கிலீஷ்’ முகாம்கள் உரக்கக் கத்திப் பேசும் பயிற்சிக்குப் பேர் பெற்றன; வாசிப்புப் பயிற்சியோ பெரும்பாலும் மாதிரி வினாத்தாள்களாகவே இருந்தது.

2021 ஜூலை 24 அன்று கட்சியும் அரசும் இணைந்து வெளியிட்ட ‘இரட்டைக் குறைப்பு’ ஆணை இத்தொழிலை நிலைகுலையச் செய்தது. ஒன்பதாம் வகுப்புவரை வார இறுதியிலும் விடுமுறையிலும் பாட வகுப்பு நடத்தத் தடை. நடுநிலை மாணவருக்கு எழுத்து வீட்டுப்பாடம் நாளொன்றுக்குச் சராசரியாக 90 நிமிடத்துக்கு மேல் கூடாது. படம் பிடித்து விடை தேடும் செயலிகளுக்கும் கண்டனம். 2022 ஜூனில் நியூ ஓரியண்டலின் முன்னாள் ஆங்கில ஆசிரியர் துங் யூஹுய், நேரலையில் உணவுப் பொருள் விற்றபடியே ஆங்கிலச் சொற்களை விளக்கியபோது, பறிபோன வகுப்பறையை மக்கள் வேறு இடத்தில் கண்டார்கள். 1955 முதல் பாடச்சுமைக் குறைப்பு ஆணைகள் வந்துகொண்டே இருக்கின்றன. 2021 ஆணை அவற்றிலெல்லாம் கடுமையானது. எனினும் நுழைவுத் தேர்வின் எடையை இது தொடவில்லை. வகுப்பு மூடப்பட்டாலும் பயிற்சி ஏடு மேசையில் இருந்தது.

வினா மாறியபோது

2016 அக்டோபரில் ஜெஜியாங் மாகாணத் தேர்வில் ஒரு புதுவகை வினா வந்தது. முடிவு தராமல் விடப்பட்ட ஒரு கதையைப் படித்து, கொடுத்த இரண்டு தொடக்க வரிகளைக் கொண்டு சுமார் 150 சொற்களில் அதை முடிக்க வேண்டும், மதிப்பெண் 25. பின்னர் புதிய காவ்காவ் தாள்களில் இது நிலைபெற்றது. 2000-களில் 40 மதிப்பெண் பெற்றிருந்த வாசிப்புப் பகுதியும் அத்தாள்களில் 50 ஆனது. கதையின் போக்கை உணராதவரால் கதையைத் தொடர முடியாது. ஆகவே ஆசிரியர்கள் ‘சார்லட்ஸ் வெப்’, ‘வொண்டர்’ போன்ற முழு நூல்களைக் கோடையில் படிக்கச் சொல்வதற்கு முதன்முறையாகத் தேர்வு சார்ந்த நியாயம் கிடைத்தது.

ஆனால் பழைய போக்கு எளிதில் அடங்கவில்லை. கோபம், மகிழ்ச்சி, அழுகை, மழை என உணர்ச்சிக்கும் சூழலுக்கும் ஆயத்த வாக்கியங்களைத் தொகுத்து விற்கும் நூல்கள் உடனே சந்தைக்கு வந்தன. எந்தக் கதைக்கும் பொருந்தும் அவ்வரிகளை மனப்பாடம் செய்பவர்களுக்கு நாவலும் வாக்கியம் பொறுக்கும் இடமாகிவிடுகிறது.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, துண்டுப் பத்திப் பயிற்சி பழமையான சீன வாசிப்பு மரபின் தொடர்ச்சி அன்று. 1985-க்குப் பிந்தைய தேர்வுச் சீர்திருத்தத்தின் எதிர்பாராத விளைவு. இரண்டாவது, வாசிப்பின் அளவை மட்டும் நிர்ணயிக்கும் பாடத்திட்டம் வாசிப்பின் இயல்பை மாற்றுவதில்லை. நேரத்தை மட்டும் குறைக்கும் ஆணையும் அவ்வாறே. மூன்றாவது, வினாவின் வடிவம் மாறினால் விடுமுறைப் பழக்கமும் அசைகிறது. ஆனால் குறுக்குவழியும் கூடவே பிறக்கிறது.

ஆகவே கோடை வாசிப்பைச் சீர்செய்ய விரும்புவோர், தேர்வு எதைச் சோதிக்கிறது என்பதோடு தேர்வுக்கு எவ்வளவு எடை இருக்கிறது என்பதையும் எண்ண வேண்டும். பல்கலைக்கழக இடம் ஒரே தாளின் ஓரிரு மதிப்பெண்களில் கைநழுவும் நிலை நீடிக்கும் வரை, எவ்வளவு நல்ல வினாவும் சில ஆண்டுகளில் பயிற்சி ஏட்டின் பக்கமாகவே முடியும்.