பூச்சோங்கில் ஒரு பாப்டிஸ்டுச் சபைக் கட்டடம்: தமிழ்க் கிறித்துவர் வழிபாட்டிட வரலாற்றில் ஒரு தாமதம்

கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழர் எழுப்பிய கிறித்துவ வழிபாட்டிடங்களைக் கால வரிசையில் நிறுத்திப் பார்ப்போர்க்கு ஒரு செய்தி உடனே புலப்படும். கோலாலம்பூரில் தமிழ்க் கத்தோலிக்கர்க்கென அமைந்த புனித அந்தோணியார் ஆலயம் 1910ஆம் ஆண்டினது. பிரிக்பீல்ட்சில் இன்றும் நிற்கும் லூத்தரன் சீயோன் ஆலயம் 1924இல் கட்டப்பட்டது. மெதடிஸ்டுத் திருச்சபையின் தமிழ்ப் பணியும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நகரில் வேரூன்றிவிட்டது. இவ்வரிசையில் போருக்கு முந்திய தமிழ்ப் பாப்டிஸ்டுக் கட்டடம் இல்லை. பூச்சோங் போன்ற புறநகர்களில் பாப்டிஸ்டுகளும் அவர்களை ஒத்த முழுக்குச் சபையினரும் இன்று கூடும் இடங்கள் பெரும்பாலும் கடைவீடுகளின் மேல்மாடிகளே. இத்தாமதத்தின் காரணத்தையும், தாமதமாக வந்தவர்க்குக் கிட்டிய கட்டடத்தின் தன்மையையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலாயாவுக்கு வந்த தமிழர் தம் சமயப் பிரிவுகளை இங்கு வந்து தேர்ந்துகொள்ளவில்லை, ஊரிலிருந்தே கொண்டுவந்தனர். ஆகவே கோலாலம்பூரின் தேவாலயங்களைத் தமிழகம், ஈழம் ஆகியவற்றின் மிஷன் வரைபடமாகவே வாசிக்கலாம். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு தொடங்கிய பணி, பின்னர் லைப்சிக் மிஷன் கைக்கும், முதல் உலகப் போர்க் காலத்தில் சுவீடன் திருச்சபை மிஷன் பொறுப்புக்கும் சென்று, 1919இல் தமிழ் சுவிசேஷ லூத்தரன் திருச்சபையாக உருப்பெற்றது. தஞ்சை, திருச்சி வட்டாரங்களைச் சேர்ந்த அச்சபை மக்களுள் ஒரு பகுதியினர் வேலை தேடி மலாயாவுக்கு வந்தனர். சீயோன் ஆலயம் அவர்களது வரவின் சான்று. யாழ்ப்பாணத்தில் 1816 முதல் பணியாற்றிய அமெரிக்க மிஷனின் பள்ளிகளில் ஆங்கிலம் கற்ற இளைஞர்கள் கிராணிமாராகவும் இரயில்வே நிலைய அதிகாரிகளாகவும் வந்தனர். ஊரில் அவர்கள் சார்ந்திருந்த சபை இங்கு இல்லாமையால், அமெரிக்கத் தொடர்புடையதும் பள்ளிகளை நடத்தியதுமான மெதடிஸ்டுத் திருச்சபையே அவர்களுட் பலருக்குப் புகலிடமாயிற்று. கோலாலம்பூர் மெதடிஸ்டு ஆண்கள் பள்ளி 1897இல் தோன்றியதை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். பிரிக்பீல்ட்சில் இரயில்வே ஊழியர்க்கும் எழுத்தர்க்குமென 1915இல் எழுந்த நூறு வீடுகள் குடியிருப்பு இன்று இல்லை. 2010களில் அது இடிக்கப்பட்டது. அதனருகே வாழ்ந்தோர் கட்டிய ஆலயங்கள் நிற்கின்றன.

இவ்வரைபடத்தில் பாப்டிஸ்டு மிஷன் எங்கே? இந்தியாவில் அது முந்தி வந்த மிஷன்களுள் ஒன்று. வில்லியம் கேரி 1793இல் வங்காளம் வந்தார். 1800இல் செராம்பூர் அவர்களது நிலையமாயிற்று. 1812இல் ஜேம்ஸ் சேட்டர் கொழும்பில் பணி தொடங்கினார். அதே ஆண்டு, கப்பல் பயணத்தின்போது குழந்தைத் திருமுழுக்கைப் பற்றிய தம் கருத்தை மாற்றிக்கொண்ட அமெரிக்கர் அதோனிராம் ஜட்சன் கல்கத்தாவில் முழுக்குப் பெற்றுப் பாப்டிஸ்டானார். கிழக்கிந்தியக் கம்பெனியின் கெடுபிடியால் அங்குத் தங்க இயலாது, 1813இல் சென்னைக்கு வந்து சில நாள் இருந்துவிட்டு, இரங்கூனுக்குக் கப்பலேறினார். அவர் சென்னையிலேயே தங்க நேர்ந்திருந்தால் தமிழ்க் கிறித்துவத்தின் அமைப்பு எவ்வாறு மாறியிருக்கும் என்பது சுவையான வினா. ஆயினும் வரலாற்றாசிரியனுக்குரிய வினா அன்று. 1836இல் இந்தியா வந்த சாமுவேல் டே தெலுங்கு மக்களிடையே பணிபுரிந்து, சென்னையில் சில ஆண்டுகள் இருந்தபின் 1840இல் நெல்லூருக்குப் பெயர்ந்தார். பஞ்சத்தை ஒட்டி 1878 ஜூலையில் ஓங்கோல் பகுதியில் ஒரே நாளில் 2,222 பேர் ஆற்றில் முழுக்குப் பெற்றனர். இவ்வாறு பாப்டிஸ்டு மிஷனின் பெருவிளைச்சல் வங்காளத்திலும் தெலுங்கு நாட்டிலும் பர்மாவிலும் நிகழ்ந்தது. தமிழ் நாட்டில் அதற்குக் கிடைத்தது மிகச் சிறு இடமே.

அச்சிறு இடங்களுள் ஒன்று நம் பொருளுக்கு நெருங்கியது. சேலம் மாவட்டத்துச் சேந்தமங்கலத்தையும் அதனை அடுத்த கொல்லிமலையையும் ஆங்கில நாட்டுக் கண்டிப்புப் பாப்டிஸ்டு மிஷன் தன் பணிக்களமாகக் கொண்டிருந்தது. 1907இல் இந்தியா வந்த ஜெசி பிராண்டு, 1913இல் ஈவ்லினை மணந்து அவருடன் மலையேறி வாழவந்தியில் குடியமர்ந்தார். கட்டடத் தொழில் அறிந்தவராகிய அவர், தம் மர வீட்டின் பகுதிகளை அடிவாரத்தில் செய்து, ஆட்களின் தலைச்சுமையாக மலைமீது ஏற்றிப் பொருத்தினார். சபை என்று சொல்லத்தக்க கூட்டம் சேர்வதற்குப் பல ஆண்டுகள் சென்றன. 1929இல் காய்ச்சலால் அவர் இறந்தார். ஈவ்லின் 1974இல் மறையும்வரை அம்மலைத்தொடர்களிலேயே பணிசெய்தார். 1914இல் பிறந்த மகன் பால் பிராண்டு, வேலூரில் தொழுநோயாளர்க்கான அறுவை மருத்துவத்தால் உலகறிந்தவரானார். சேலம் மாவட்டம் மலாயாவுக்குத் தொழிலாளரை அனுப்பிய மாவட்டங்களுள் ஒன்று. ஆனால் கங்காணிமார் ஆள் திரட்டியது சமவெளிக் கிராமங்களில். மலைமேல் இருந்த சில குடும்பங்களைக் கொண்ட சபை கப்பலேறவில்லை. தோட்டத் தமிழரோடு பாப்டிஸ்டு மரபு மலாயாவுக்குள் வராமற் போனதன் முதற் காரணம் இதுவே.

மலாயாவில் பாப்டிஸ்டுச் சபை வந்த வழி வேறு. 1930களின் பிற்பகுதியில் சுவாத்தோ வட்டாரத்துச் சீனர் பினாங்கு, அலோர்ஸ்டார் முதலிய இடங்களில் சபைகளை அமைத்தனர். 1949இல் சீனாவில் ஆட்சி மாறியபின் அங்கிருந்து வெளியேறிய அமெரிக்கத் தென்னகப் பாப்டிஸ்டு மிஷனரிகள் தென்கிழக்காசிய நாடுகளை நோக்கித் திரும்பினர். 1954இல் பினாங்கில் இறையியற் கல்லூரி தோன்றிற்று. அவர்கள் அறிந்த மொழி சீனம்; அவர்கள் முதலில் நாடியவர்கள் சீனர்; அவசரகாலத்தில் உருவான புதுக்கிராமங்கள் பல மிஷன்களின் களங்களாயின. தமிழரிடையேயான பணி இரண்டாம் நிலையிலேயே, அதுவும் பிற்காலத்திலேயே கிளைத்தது. எனவே தமிழ்ப் பாப்டிஸ்டுச் சபைக்கு இந்நாட்டில் ஊர்வழி மரபு அமையவில்லை. பெரும்பாலும் முதல் தலைமுறை நம்பிக்கையாளராலும், வேறு சபைகளிலிருந்து வந்தோராலும் அது அமைந்தது. நிலமும் அறக்கட்டளையும் பழைய கல்வெட்டும் இல்லாத சபை எவ்வகைக் கட்டடத்தைப் பெறும் என்பதற்குப் பூச்சோங் விடை தருகிறது.

பூச்சோங்கை இன்று நெடுஞ்சாலையும் வணிக வளாகமுமாக அறிந்தோர்க்கு, அது அண்மைக்காலம்வரை ஈயக்குட்டைகளும் ரப்பர்த் தோட்டங்களும் நிறைந்த பகுதியென்பது வியப்பளிக்கலாம். கின்றாரா, காசல்பீல்டு முதலிய தோட்டங்களில் தமிழர் மரம் சீவினர். பதினான்காம் கட்டை எனக் கட்டைக் கணக்கால் இடத்தைக் குறிக்கும் வழக்கு முதியோரிடம் இன்னும் உண்டு. 1990களில் தோட்ட நிலங்கள் தாமான்களாயின. 1999இல் டாமன்சாரா – பூச்சோங் நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. 2016இல் இலகு இரயில் பூச்சோங்கை எட்டியது. தோட்டம் இருந்தவரை வழிபாட்டிடம் நிர்வாகத்தின் இசைவைப் பொறுத்தது. லயத்தின் ஓரத்தில் மாரியம்மன் கோயிலுக்கு இடம் கிடைக்கும். கிறித்துவக் குடும்பங்கள் சிலவே இருந்தால் ஒரு வீட்டின் முன்பகுதியிலோ பள்ளிக்கூடத்திலோ ஞாயிறு மாலை கூடுவர். கோயிலாயினும் ஜெபக்கூடமாயினும் நிலத்திற்கு உரிமைப் பத்திரம் கிடையாது. தோட்டம் துண்டாடப்பட்டபோது இரண்டின் நிலையும் ஒன்றே. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. கோயிலை அகற்ற வந்தால் அங்கே காட்டுவதற்கு ஒரு சிலையும் மரமும் இருக்கும். வீட்டின் முன்பகுதியில் கூடிய சபைக்குக் காட்டுவதற்கு எதுவும் இல்லை.

தாமானுக்குப் பெயர்ந்த குடும்பங்கள் மீண்டும் கூடியபோது, கடைவீட்டு மாடி அவர்கட்கு எளிதாகக் கிட்டியது. இதனைப் பணவசதிக் குறைவென மட்டும் விளக்குதல் போதாது. கூட்டரசு அரசியலமைப்பின் 11ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு, ஒவ்வொரு சமயக் குழுவும் தன் சமய நிறுவனங்களை அமைக்கவும் சொத்து வாங்கி உடைமையாக வைத்திருக்கவும் உரிமை தருகிறது. ஆயினும் நிலம் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. நிலப் பயன்பாடு 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்வழி ஊராட்சி மன்றத்தின் கையில் உள்ளது. புதிய தாமானில் முஸ்லிமல்லாதார் வழிபாட்டுக்கென ஒதுக்கிய மனை கிடைத்து, கட்டட அனுமதியும் பெறுவது எளிதன்று. சா ஆலாமில் கத்தோலிக்கர் தம் இறை இரக்க ஆலயத்தைக் கட்டி முடிக்கக் கால் நூற்றாண்டுக்கும் மேலாக முயன்று, 2005இல்தான் அதனைத் திறந்தனர். உலகளாவிய திருச்சபையும் மறைமாவட்டமும் பின்னிற்க, அவர்களுக்கே அத்தனை காலம் சென்றது. தன்னாட்சியே கொள்கையாகக் கொண்ட, நாற்பது ஐம்பது பேர் கூடும் பாப்டிஸ்டுச் சபை மாடியை வாடகைக்கு எடுத்தது எதிர்பார்க்கத்தக்கதே.

மாடிக்கும் அதற்குரிய இடர் உண்டு. 2015 ஏப்ரலில் பெட்டாலிங் ஜெயாவின் தாமான் மேடானில், கடைவீட்டில் இயங்கிய ஒரு சபை தன் முகப்பில் பொருத்திய சிலுவையை எதிர்த்து அக்கம்பக்கத்தார் சிலர் கூடினர். சிலுவை அன்றே இறக்கப்பட்டது. வாடகைக் கட்டடத்தின் முகத்தில் தன் அடையாளத்தைப் பொறிக்கும் உரிமை எத்துணை மெல்லியது என்பதற்கு இது சான்று. வரலாறு எழுத வருவோர்க்கும் இதில் ஒரு சிக்கல் உண்டு. முகப்பில் அடையாளமில்லாத கட்டடம் நகரின் எப்பட்டியலிலும் இடம்பெறாது.

இனி, பாப்டிஸ்டுகளுக்கு உரிய ஒரு கட்டடச் சிக்கலைக் கூறவேண்டும். கொள்கையளவில் அவர்களுக்குப் புனிதக் கட்டடம் என்பது இல்லை. சபை என்பது கூடிய மக்களே. தமிழில் இவ்வேறுபாடு தெளிவாகவே நிற்கிறது: சபை வேறு, ஆலயம் வேறு, ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லாதலால் மயக்கம் உண்டு. எனினும் கட்டடம் தேவையில்லை என்னும் இம்மரபே, தலையில் நீர் தெளிக்கும் சபைகள் கேளாத ஒன்றைக் கட்டடத்திடம் கேட்கிறது. அது ஆள் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர். இரண்டு மீட்டர் நீளமும் ஒன்றேகால் மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள தொட்டி இரண்டரை டன் நீர் கொள்ளும். அதாவது சதுர மீட்டருக்கு 1,000 கிலோ. அலுவலகப் பயன்பாட்டுக்கென அமைக்கப்படும் மாடித் தளம் பொதுவாகச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 250 கிலோ பாரத்தைக் கருதியே வடிவமைக்கப்படுகிறது. ஆகவே மாடியில் கூடும் சபை, தன் பெயருக்கே காரணமான சடங்கைத் தன் கட்டடத்தில் நிகழ்த்தவியலாது, கடற்கரையையோ நீச்சல் குளத்தையோ நாட நேர்கிறது. தரைத்தளத்தை வாங்கும் சபை முதலில் தொட்டி கட்டுவது இதனாலேயே. தரைத்தளம் சபையின் வளர்ச்சியில் ஒரு படி எனில் மிகையன்று.

சொல்லாராய்ச்சியில் ஈடுபாடுடைய தமிழாசிரியர்க்கு மற்றொரு செய்தி. 1830களில், முழுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை ‘மூழ்குவித்தல்’ எனவே பெயர்க்கவேண்டுமென்று கல்கத்தாப் பாப்டிஸ்டுகள் தம் வங்காள வேதாகமத்தில் நின்றதால், பிரிட்டிஷ் வேதாகமச் சங்கத்தோடு பிணக்கு ஏற்பட்டு, தனிச் சங்கங்களே தோன்றின. தமிழில் அப்பூசல் எழவில்லை. நெடுங்காலம் வழங்கிய ‘ஞானஸ்நானம்’ நீராடலைக் குறித்ததேயன்றி அளவைக் குறிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தனித்தமிழ் உணர்வு வடசொல்லை நீக்கித் ‘திருமுழுக்கு’ என்றது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பும் அதனையே ஆண்டது. ‘முழுக்கு’ மூழ்குதலையே குறிக்கும். தலையில் நீர் தெளிக்கும் சபைகள் இன்று தமிழில் பாப்டிஸ்டுச் சொல்லை வழங்குகின்றன. பாப்டிஸ்டுகளுட் பலரோ ஞானஸ்நானம் என்றே சொல்கின்றனர்.

இத்தகைய சபையின் வரலாற்றை எழுதக் கட்டடத்தை மட்டும் நம்ப இயலாது. வாடகை ஒப்பந்தம், 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்திருப்பின் அதன் ஆண்டறிக்கை, நிர்வாகக் குழுக் குறிப்பேடு, முழுக்குப் பதிவேடு ஆகியனவே மூலங்கள். இவற்றுள் கடைசியாகச் சொன்னதே நமக்குப் பெரிதும் பயன்படும். பெயர், வயது, தொழில், முகவரி ஆகியன அதில் இருக்கும். முகவரி தோட்டத்து லயத்திலிருந்து தாமான் வீட்டு எண்ணுக்கு மாறும் ஆண்டும், எழுதிய கை தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறும் ஆண்டும் ஒரே பக்கங்களில் கிடைக்கும். காசல்பீல்டு தோட்டத்தின் பெயரை அங்குள்ள தமிழ்ப்பள்ளி இன்றும் தாங்கி நிற்கிறது. அப்பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்கள், தம் மாணவரின் குடும்பங்களுக்கு இப்பதிவேடுகள் எங்கிருக்கின்றன என்பதை எந்த ஆவணக் காப்பகத்தையும்விட நன்கறிவர். சபை மாடி மாறும்போது முதலில் தொலைவது இந்த ஏடுகளாதலின், அவற்றின் படிகளை எடுத்து வைப்பது கடைவீட்டுக் குத்தகை முடிவதற்குமுன் செய்யவேண்டிய பணியாகும்.