டிராக்டர் சக்கரத்தில் எடை ஏற்றுவது ஏன்?

மாட்டு வண்டியில் பாரம் கூடினால் மாடு திணறும். பாரத்தை இறக்கினால் வண்டி எளிதாக ஓடும். இது நாம் அனைவரும் அறிந்ததே. ஆனால் அமெரிக்காவில் பழைய தோட்ட டிராக்டர்களைத் தேடிப் பிடித்துப் பழுது பார்த்து ஓட்டுகிறவர்கள், இதற்கு நேர்மாறான காரியம் ஒன்றைச் செய்கிறார்கள். நன்றாக ஓடும் டிராக்டரின் பின் சக்கரங்களில் கனத்த வார்ப்பிரும்பு வட்டுகளை வேண்டுமென்றே பூட்டுகிறார்கள். இழுக்க வேண்டிய இயந்திரத்தின் மேலேயே இன்னும் சுமையா? இந்தப் புதிருக்கு விடை டிராக்டரின் வரலாற்றில் இருக்கிறது.

எடையும் பிடிப்பும்

வண்டியை இழுப்பது மாடு. சக்கரம் உருள மட்டுமே செய்கிறது. டிராக்டரிலோ இழுக்கும் வேலையைச் செய்வதே பின் சக்கரம்தான். அது தரையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. தரை டிராக்டரை முன்னோக்கித் தள்ளுகிறது. இந்தத் தள்ளுதலுக்கு உராய்வு ஓர் எல்லை வகுத்திருக்கிறது. சக்கரம் எவ்வளவு எடையுடன் தரையை அழுத்துகிறதோ, அதற்கு ஏற்பவே பிடிப்பும் கிடைக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பின் சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து 200 கிலோகிராம் எடையைத் தாங்குகின்றன. அதில் பாதி பிடிப்பாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் எஞ்சின் எத்தனை குதிரைத்திறன் உடையதானாலும், 100 கிலோகிராம் எடைக்குச் சமமான விசைக்குமேல் கிடைக்காது. சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். சக்கரத்திற்கு 25 கிலோகிராம் வீதம் எடை கூட்டினால் அந்த எல்லை 125 ஆக உயர்ந்துவிடும்.

இரும்பு போய் ரப்பர் வந்தது

தொடக்க கால டிராக்டர்களுக்கு இந்தக் கவலை அவ்வளவாக இல்லை. அவை கனத்த இரும்புச் சக்கரங்களில் ஓடின. சக்கர விளிம்பிலிருந்த இரும்புப் பற்கள் மண்ணில் இறங்கிப் பிடித்துக்கொண்டன. ஆனால் அதே பற்கள் சாலைகளைக் குதறின. ஓட்டுகிறவரின் உடலையும் குலுக்கி எடுத்தன.

1932-ஆம் ஆண்டு அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் தனது ‘யு’ வகை டிராக்டரில் ஃபயர்ஸ்டோன் நிறுவனத்தின் காற்றடைத்த ரப்பர் டயர்களைப் பொருத்தியது. அடுத்த ஆண்டே பார்னி ஓல்ட்ஃபீல்டு என்ற புகழ்பெற்ற பந்தய வீரர் ரப்பர் டயர் டிராக்டர் ஒன்றை மணிக்கு 64 மைலுக்கும் அதிகமான வேகத்தில் ஓட்டிக் காட்டினார். ரப்பர் டயரால் குலுக்கல் குறைந்தது, எரிபொருளும் மிச்சமாயிற்று. சில ஆண்டுகளிலேயே இரும்புச் சக்கரம் பின்னுக்குப் போய்விட்டது.

ஆனால் இரும்புச் சக்கரத்தோடு அதன் கனமும் போய்விட்டது அல்லவா? அந்தக் குறையை ஈடுசெய்ய இரண்டு வழிகள் வழக்கத்துக்கு வந்தன. ஒன்று, சக்கரத்தில் வார்ப்பிரும்பு வட்டுகளைப் பூட்டுவது. மற்றொன்று, டயருக்குள் முக்கால் பங்கு நீர் நிரப்புவது. குளிர்நாடுகளில் நீர் உறைந்துவிடும் என்பதால் அதில் கால்சியம் குளோரைடைக் கரைத்தார்கள். இந்த உப்பு சுமார் 30 சதவீதம் கலந்த கரைசல் −40° செல்சியஸ் குளிரிலும் உறையாது; நீரைவிடக் கனமும் அதிகம். ஆனால் கசிந்தால் சக்கரத்தின் இரும்பை அரித்துவிடும்.

அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன் வேறு வழியில் சிந்தித்தார். கலப்பையைப் பின்னால் சும்மா கட்டி இழுக்காமல், நீரியல் அழுத்தத்தால் இயங்கும் மூன்று முனை இணைப்பில் தாங்கச் செய்தார். கலப்பையின் எடையும், உழும்போது மண் அதன்மீது செலுத்தும் விசையும் பின் சக்கரங்களை அழுத்தின. 1939-இல் வெளிவந்த ஃபோர்டு-பெர்குசன் ‘9என்’ டிராக்டர் இந்த முறையைப் பரப்பியது.

தோட்டத்துக்கு வந்த டிராக்டர்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் புறநகர்கள் பெருகின. வீட்டைச் சுற்றியிருந்த புல்வெளிக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் சிறு டிராக்டர்கள் தேவைப்பட்டன. 1946-இல் இந்தியானா மாநிலத்தில் வீல் ஹார்ஸ் நிறுவனம் தோன்றியது. 1961-இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 7 குதிரைத்திறன் கொண்ட கப் கேடட் டிராக்டரையும், 1963-இல் ஜான் டியர் ‘110’ டிராக்டரையும் விற்பனைக்குக் கொண்டுவந்தன.

இவை கோடையில் புல்வெட்டும். குளிர்காலத்தில் பனியை ஒதுக்கும். வேண்டும்போது உழவும் செய்யும். புல்லுக்கு ஊறு செய்யாத மென்மையான டயர்கள் ஈர மண்ணிலும் பனியிலும் வழுக்கின. எனவே பெரிய டிராக்டரின் எடை வட்டுகள் சிறிய அளவில் இங்கும் வந்து சேர்ந்தன. வார்ப்பிரும்பு விலை கூடுதல் என்பதால், பிளாஸ்டிக் கூட்டுக்குள் கான்கிரீட் நிரப்பிய வட்டுகளும் விற்கப்பட்டன.

வழுக்கலும் ஒரு காவல்

எடையை டிராக்டரின் சட்டத்தில் ஏற்றினால் அச்சும் பேரிங்குகளும் அதைச் சுமக்க வேண்டும். சக்கரத்திலேயே பூட்டினால் அது டயர் வழியாக நேரே தரைக்குப் போய்விடும். அதனால் எவ்வளவு எடை பூட்டினாலும் தீங்கில்லை என்று எண்ணிவிடக் கூடாது. மின் சுற்றில் உருகு கம்பி என்ன செய்கிறதோ, அதையே டிராக்டரில் சக்கரத்தின் வழுக்கல் செய்கிறது. கலப்பை ஒரு வேரில் சிக்கினால் சக்கரம் வழுக்கிச் சுழலும், கியர்கள் தப்பிக்கும். எடை கூடிச் சக்கரம் வழுக்க மறுத்தால், அந்த முறுக்கு விசை முழுவதையும் பல ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்த கியர்களும் அச்சும் தாங்க வேண்டும். புல்வெட்டுவதற்கென்றே செய்யப்பட்ட மெலிந்த கியர்ப் பெட்டி உடைந்தே போகலாம். பிடிப்பு மிகுந்தால் முன்பக்கம் மேலெழுந்து டிராக்டர் பின்புறமாகக் கவிழும் ஆபத்தும் உண்டு. இதற்காகத்தான் முன்பக்கத்திலும் எடை தொங்கவிடுகிறார்கள். மேலும், கனத்த சக்கரம் மண்ணை இறுக்கும். இறுகிய மண்ணில் வேருக்குக் காற்றும் நீரும் எளிதில் எட்டா.

சரியான அளவை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. டயரில் சுண்ணாம்புக் கட்டியால் குறியிட்டு, கலப்பை உழும்போது சக்கரம் 10 சுற்றுச் சுற்றும் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். அதே தூரத்தைக் கலப்பையைத் தூக்கிவிட்டுக் கடக்கும்போது 9 சுற்று ஆனால் வழுக்கல் 10 சதவீதம். எட்டரைச் சுற்று ஆனால் 15 சதவீதம். உழவு நிலத்தில் இந்த இரண்டு அளவுகளுக்கு இடையே வழுக்கல் இருப்பது நல்லது. அதற்கும் மேலே போனால் எடை போதவில்லை. மிகவும் குறைந்தால் எடை அதிகம் என்று பொருள்.

கழற்றி மாட்டக்கூடியதாக இருப்பதே சக்கர எடையின் சிறப்பு. உழவுக்கும் பனிக்கும் பூட்டுங்கள்; புல்வெட்டும்போது கழற்றி வையுங்கள். அளவறிந்து ஏற்றிய எடை இழுவைக்குத் துணை. அளவு மீறினால் அது இயந்திரத்துக்கும் மண்ணுக்கும் பகை.