கிட்டாரும் பகை நரம்பும்

சோழர் கல்வெட்டுகள் கடாரம் என வழங்கும் கெடா மாநிலத்தில், தோட்டப்புறங்களிலும் சுங்கைப் பட்டாணி, கூலிம் முதலிய நகரங்களிலும் கிட்டார் பழகும் இளைஞர் முதலில் தேடுவன மூன்று சுரக்கூட்டுகள். 'கார்டு' என்பர். சி, எஃப், ஜி என்னும் இவை கைக்கு வந்தால் திரைப்பாடல் பலவற்றுக்குப் பக்கம் வாசித்துவிடலாம். இவற்றை மேல்நாட்டுச் சரக்கென்று ஒதுக்குவோர் நம் ஆசிரியரிடையே உளர். ஒதுக்குமுன் பழந்தமிழ் இசையிலக்கணத்தோடு வைத்துப் பார்த்தல் வேண்டும்.

கிட்டார் இனக்கருவி இப்பகுதிக்குப் புதிதன்று. 1511-இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியரோடு அது வந்தது. 1960-களில் 'குகிரான்' குழுக்கள் அதனை ஊர்தோறும் பரப்பின. நம் அண்டை மாநிலமாகிய பினாங்கில் தோன்றி, மலாய்ப் பாடல்களால் நாடெங்கும் புகழ்பெற்ற 'அல்லிகேட்ஸ்' குழுவின் லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்கள் தமிழரே. 1976-இல் 'அன்னக்கிளி' வழி அறிமுகமான இளையராஜாவும் முன்னர்க் கிட்டார்க் கலைஞராய் இருந்தவர்.

இனி இலக்கணம். சி என்பதைக் குரல் எனக் கொள்வோம். முதற்கூட்டு குரல், கைக்கிளை, இளி. எஃப் கூட்டு உழை, விளரி, குரல். ஜி கூட்டு இளி, தாரம், துத்தம். ஏழு நரம்பும் மூன்று கூட்டினுள் அடங்கிவிட்டன! 'மூன்று கார்டு போதும்' என்பதன் பொருள் இதுவே.

சிலப்பதிகார உரைகள் நின்ற நரம்பிற்கு ஐந்தாவதைக் கிளை என்றும், நான்காவதை நட்பு என்றும், மூன்றாவதையும் ஆறாவதையும் பகை என்றும் கூறும். குரலுக்கு உழை நட்பு, இளி கிளை. ஆகவே மூன்று கூட்டுகளின் அடிநரம்புகளும் உறவுடையனவே. ஆயின் ஒவ்வொரு கூட்டின் நடுவிலும் நிற்பது மூன்றாம் நரம்பு, அதாவது பகை!

இம்முரண் எதனால்? ஐந்தாம் நரம்பாகவே ஏறிச் சென்றால் குரல், இளி, துத்தம், விளரி, கைக்கிளை என வரும். இவ்வாறு பெற்ற கைக்கிளை, குரலோடு 81:64 என்னும் அளவில் நிற்கும். செவிக்கு இனியதோ 80:64, அதாவது 5:4. அச்சிறு மிகையே உறுத்துகிறது. பகை என்றதன் காரணம் இதுவாதல் கூடும் என்பது என் கருத்து. ஐரோப்பியரும் இடைக்காலத்தில் நான்கையும் ஐந்தையுமே நிறைவான இணக்கமாகக் கொண்டனர். மூன்றாம் சுரம் பிற்காலத்திலேயே உரிய மதிப்புப் பெற்றது. கிட்டாரின் கட்டைகள் பன்னிரண்டு சம இடைவெளிகளாய் அமைந்தவை. அவற்றிலும் மூன்றாம் சுரம் 5:4-ஐவிடச் சற்று உயர்ந்தே ஒலிக்கிறது. நம் செவி அதற்குப் பழகிவிட்டது, அவ்வளவே.

ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரம் 1917-இலும், விபுலானந்த அடிகளின் யாழ் நூல் 1947-இலும் வெளிவந்தன. இவ்விரண்டையும் தேர்வுக்குரிய பெயர்ப்பட்டியலாக மட்டுமே கற்பிக்கிறோம். கிட்டார் வைத்திருக்கும் ஒரு மாணவனை வகுப்பின்முன் நிறுத்தி, குரலையும் இளியையும் சேர்த்து ஒலிக்கச் செய்து, பின் கைக்கிளையையும் கூட்டச் சொன்னால், கிளையும் பகையும் யாவை என்பதைப் பிள்ளைகள் காதாலேயே அறிந்துகொள்வர்.