மூணு மில்லிசெகண்டுக்கு இருபது வருஷம்

லினக்ஸ்ல ரெக்கார்டிங் பண்ண முடியுமான்னு கேட்டா, இன்னைக்கு பதில் சின்னது: முடியும். ஆனா செட்டப் பண்ண உட்கார்ந்தீங்கன்னா சில விசித்திரமான வேலைகளைச் செய்யச் சொல்வாங்க. உங்க யூசரை ‘ஆடியோ’ குரூப்புல சேருங்க. ஒரு ஃபைல்ல ‘ஆர்டிப்ரியோ 95’னு எழுதுங்க. பூட் ஆகுற வரியில ‘த்ரெட்ஐஆர்க்யூஸ்’னு ஒரு வார்த்தை சேருங்க. ஏன்னு பெரும்பாலும் யாரும் சொல்றதில்ல. ஒவ்வொரு வரிக்குப் பின்னாடியும் ஒரு பழைய சண்டை இருக்கு. அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

முதல்ல ஒரு கணக்கு. நீங்க மைக்ல பாடுறீங்க, ஹெட்போன்ல உங்க குரலையே கேட்குறீங்க. கம்ப்யூட்டர் ஒரு செகண்டுக்கு 48,000 சாம்பிள் எடுக்குது. அதை ஒவ்வொண்ணா இல்லாம, ‘பஃபர்’ங்கிற பாத்திரத்துல நிரப்பி மொத்தமாக் கொடுக்குது. பஃபர் 1024 சாம்பிள்னா அது நிரம்ப 21 மில்லிசெகண்ட். உள்ளே வர ஒரு தடவை, வெளியே போக ஒரு தடவை, ஆக 40-ஐத் தாண்டிடுது. ஒரு மில்லிசெகண்டுல ஒலி சுமார் 34 சென்டிமீட்டர் போகும். அப்போ 42 மில்லிசெகண்ட்ங்கிறது 14 மீட்டர். நீங்க மண்டபத்து மேடையில, மிருதங்கம் கடைசி வரிசையில! கச்சேரியில மிருதங்கக்காரர் ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தா அது மூணே மில்லிசெகண்ட். அதை யாரும் தாமதம்னு சொல்றதில்ல.

சரி, பஃபரை 64-ஆக் குறைச்சா? 1.3 மில்லிசெகண்ட்தான். ஆனா இப்போ செகண்டுக்கு 750 தடவை அந்தப் பாத்திரத்தை நேரத்துக்கு நிரப்பணும். ஒரு தடவை தவறினாலும் ‘டக்’னு ஒரு சத்தம், டேக் போச்சு. இதுக்குப் பேர் எக்ஸ்ரன். கம்ப்யூட்டர் எவ்வளவு வேகம்ங்கிறது இங்கே பெரிய விஷயம் இல்லை. 749 தடவை அற்புதமா வேலை செஞ்சாலும் பிரயோஜனமில்ல. மிக மோசமான அந்த ஒரு தடவை எவ்வளவு நேரமாகுதுங்கிறதுதான் கேள்வி.

90-களின் லினக்ஸ் அந்தக் கேள்வியில் தோற்றது. அது சர்வர்களில் வளர்ந்த கெர்னல். தன் உள்வேலை ஒன்றைத் தொடங்கிவிட்டால் முடிக்காமல் விடாது. கவுன்ட்டர்ல இருக்குறவர் கையில இருக்குற ஃபைலை முடிக்காம தலையைத் தூக்க மாட்டார் இல்லையா, அப்படி. பெரிய ஃபைல் ஒன்றை டிஸ்க்கில் எழுதும்போது பத்துக்கணக்கான மில்லிசெகண்ட் அப்படியே போய்விடும். ரெக்கார்டிங்னாலே விடாம டிஸ்க்ல எழுதுறதுதானே.

செக் நாட்டின் யாரோஸ்லாவ் கிசேலா, கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் என்ற சவுண்ட் கார்டுக்காக எழுதிய டிரைவர், 1998-லிருந்து அல்சா என்ற முழு அமைப்பாக வளர்ந்தது. 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலில் பழைய ஓஎஸ்எஸ்-ஐத் தள்ளிவிட்டு இதுவே பிரதானமானது. கார்டோடு பேச வழி கிடைத்தது. நேரத்துக்குப் பேச வழி இன்னும் இல்லை.

இங்கே பால் டேவிஸ் வருகிறார். அமேசானின் ஆரம்ப நாட்களில் அங்கே கோட் எழுதிய முதல் ஒருசிலரில் ஒருவர். அங்கிருந்து விலகிய பிறகு, 26 சானல் உள்ளே 26 சானல் வெளியே போகும் ஆர்எம்இ ஹாமர்ஃபால் கார்டுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதுவதில் பங்கெடுத்தார். அதை வைத்து ரெக்கார்ட் செய்ய ஒரு சாஃப்ட்வேர் வேண்டுமே என்று ஆர்டோர் பிறந்தது. ஆர்டோரின் உள்ளிருந்த ஒலி எந்திரம் தனியாகப் பிரிந்து ஜாக் ஆனது. ஜாக் செய்தது எளிமையான, ஆனா கறாரான வேலை: எல்லா ஆடியோ சாஃப்ட்வேரையும் ஒரே தாளத்தில் கூப்பிடும், யாருடைய வெளியீட்டையும் யாருடைய உள்ளீட்டோடும் கேபிள் மாதிரி இணைக்கலாம். எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச கண்டுபிடிப்பு இதுதான்.

ஆனால் தாளம் போடுகிறவருக்கே கெர்னல் வழிவிடவில்லையே. 2000-ல் லினக்ஸ் ஆடியோ டெவலப்பர்கள் கூட்டாக ஒரு கடிதம் எழுதி, தாமதத்தைக் குறைக்கும் மாற்றங்களைப் பிரதான கெர்னலில் சேர்க்கக் கேட்டார்கள். இங்கோ மோல்னார் ஏற்கெனவே அப்படி ஒரு பேட்ச் வைத்திருந்தார். கோட் முழுக்க அங்கங்கே ‘கொஞ்சம் நின்னு பார்’ என்று ஒட்டுப்போட்டால் பிற்பாடு யார் பராமரிப்பது என்பது கெர்னல் தரப்பின் எதிர்ப்பு. அதுல நியாயம் இல்லாம இல்ல. இசைக்காரர்கள் பல வருஷம் பேட்ச் ஒட்டிய கெர்னலிலேயே ஓட்டினார்கள். ஸ்டான்ஃபோர்டின் இசை ஆய்வு மையத்தில் ஃபெர்னாண்டோ லோபஸ் லெஸ்கானோ, ‘பிளானட் கர்மா’ என்ற பெயரில் அப்படிப்பட்ட கெர்னலைத் தயார்நிலையில் கொடுத்தார். தானே கம்பைல் பண்ணத் தெரியாத இசையமைப்பாளர்களுக்கு அது பெரிய விஷயம்.

அடுத்த சண்டை உரிமை பற்றியது. ‘என்னை முதலில் கவனி’ என்று கெர்னலிடம் கேட்கும் உரிமை ரூட் யூசருக்கு மட்டுமே இருந்தது. அப்படி உரிமை பெற்ற சாஃப்ட்வேர் முடிவில்லாத சுற்றில் மாட்டினால் மெஷினே உறைந்துவிடும் என்பது காரணம். அதனால பாட்டு ரெக்கார்ட் பண்றவங்க ரூட்டாவே உட்கார்ந்து வேலை செஞ்சாங்க. வீட்டுச் சாவி, பீரோ சாவி எல்லாத்தையும் கதவுலயே தொங்கவிட்ட மாதிரி. நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு 2005-ல் 2.6.12 கெர்னல் ஒரு சமரசம் கொண்டுவந்தது: இன்ன யூசருக்கு இன்ன அளவு வரை முன்னுரிமை என்று எழுதி வைக்கலாம். நீங்க காப்பி-பேஸ்ட் பண்ற ‘ஆர்டிப்ரியோ 95’ அதுதான்.

மூணாவது சண்டைதான் நீளமானது. 2004-ல் மோல்னார், கெர்னலின் பெரும்பகுதியை எந்த நேரத்திலும் இடைமறிக்கக்கூடியதாக மாற்றும் ப்ரீஎம்ப்ட்-ஆர்டி பேட்சைத் தொடங்கினார். தாமஸ் கிளைக்ஸ்னர் அதைத் தோளில் சுமந்தார். துண்டு துண்டாக உள்ளே போனது. துல்லியமான டைமர்கள் 2006-ல் போயின. ஹார்டுவேர் குறுக்கீடுகளைத் தனித்தனி த்ரெட்டாக ஓடவிடும் வசதியை 2011-லிருந்து பூட் வரியிலேயே கேட்டு வாங்கலாம். ‘த்ரெட்ஐஆர்க்யூஸ்’ அந்த ஒரு வார்த்தை. நடுவில் பணம் இல்லாமல் வேலை தடுமாறியது; 2015-ல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் திட்டமாக எடுத்துக்கொண்டது. அதற்குள் ஆலை எந்திரங்களுக்கும் ரோபோக்களுக்கும் இதே உத்தரவாதம் தேவைப்பட்டது. இசைக்காரர்கள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் இந்தப் பணம் வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. 2024 செப்டம்பரில் வியன்னா மாநாட்டில், கடைசித் துண்டை இணைக்கும் கோரிக்கையை கிளைக்ஸ்னர் காகிதத்தில் அச்சடித்து, தங்க நிறத் தாளில் சுற்றி லினஸ் டோர்வால்ட்ஸ் கையில் கொடுத்தார். அது 6.12 கெர்னலில் வந்தது.

இதற்கிடையே சாதாரண டெஸ்க்டாப் ஒலிக்கு பல்ஸ் ஆடியோ வந்து, ஜாக்கோடு ஒரே கார்டுக்குப் போட்டி போட்ட கூத்தைத் தனி எபிசோடாத்தான் பேசணும். வீடியோவுக்காகத் தொடங்கிய விம் டேமன்ஸின் பைப்வயர், 2021-ல் ஃபெடோரா 34-ல் இரண்டின் இடத்தையும் எடுத்துக்கொண்டது.

தீராதது, வணிக ப்ளகின்கள். பல கம்பெனிகள் லினக்ஸுக்கு வெளியிடுவதே இல்லை. உங்க மிக்ஸ் முழுக்க அவங்களை நம்பியிருந்தா மாறாதீங்க. இல்லைன்னா, தனி டிரைவர் கேட்காத ஒரு யூஎஸ்பி இன்டர்ஃபேஸ், ஆர்டோர் இல்லைன்னா ரீப்பர். பஃபரை 256-ல் வைத்து ஒரு மணி நேரம் ரெக்கார்ட் பண்ணுங்க. எக்ஸ்ரன் பூஜ்யம்னா 128-க்கு இறங்குங்க. பூஜ்யம் இல்லைன்னா, முதல்ல வைஃபையை அணைச்சுட்டு இன்னொரு தடவை பாருங்க.