மெஷின் வந்தது, கத்தரிக்கோலை யாரும் கேட்கவில்லை

கல்லடி, நாவலடி, டச்பார் பக்கம் போனால் முன்விறாந்தையில் தையல் மெஷின் நிற்கிற வீடுகள் நிறைய. சிலவற்றின் மேல் ஏதோ ஒரு நிறுவனத்தின் ஸ்டிக்கர் இப்பவும் பாதி கிழிந்தபடி ஒட்டியிருக்கும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வந்த மெஷின்கள் அவை. கிழக்கில் 2007இல் யுத்தம் ஓய்ந்த பிறகு வாவியைக் கடந்து படுவான்கரைக்கும் மெஷின்கள் போயின. ‘வாழ்வாதார உதவி’ எண்டு சொன்னால் கோழி, ஆடு, மெஷின் என்ற மூன்றும்தான் எங்கட ஊர்களில் முதலில் ஞாபகத்துக்கு வரும்.

துண்டுத்துணிகளைச் சேர்த்து விரிப்பும் கால்துடைப்பானும் தலையணை உறையும் தைக்கிற ஒரு மாமிக்கு வெட்டுகிற கருவி ஒன்று வாங்கிக் கொடுக்கலாம் என்று நாங்கள் யோசித்தபோது இந்தக் கட்டுரை தொடங்கியது. மாமி கேட்டது சின்ன விஷயம். “தைக்கிறதுக்கு ஒண்டுமில்ல புள்ள, மெஷின் தைக்கும். வெட்டித்தான் கை உளையுது.” அவவின் பெருவிரல் அடியில் கத்தரிக்கோல் வளையம் அழுத்தி அழுத்தித் தோல் தடித்துப் போயிருந்தது. மெஷின் கொடுத்த யாரும் ‘எதால வெட்டுறீங்க?’ என்று அவவிடம் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று தேடப்போய், வெட்டுகிற கருவிகளின் வரலாற்றுக்குள் வந்து சேர்ந்தோம்.

மேசைக்குச் செய்த கத்தரிக்கோல்

தையல்காரரின் பெரிய கத்தரிக்கோலைக் கவனித்துப் பாருங்கள். அதன் பிடி நேராக இருக்காது, மேல்நோக்கி வளைந்திருக்கும். கீழ் அலகு மேசையில் படுத்தபடி ஓட வேணும், துணி மேலே தூக்கப்படக் கூடாது என்பதற்காக வைத்த வளைவு அது. ஒரு வளையம் சின்னது, பெருவிரலுக்கு. மற்றது பெரியது, மூன்று நாலு விரல்களுக்கு. பாரமும் கூட. மேசைக்கு முன்னால் நின்று வெட்டுகிற ஒரு ஆம்பிளையின், அதுவும் வலக்கைக்காரரின் கையை மனதில் வைத்துச் செய்த கருவி இது.

மட்டக்களப்பில் அந்தக் கை பெரும்பாலும் ஆண்களுடையதாகத்தான் இருந்தது. இங்குள்ள போர்த்துக்கேய வழிப் பறங்கியர் தச்சு, இரும்பு வேலை, தையல் போன்ற கைத்தொழில்களுக்குப் பேர்போனவர்கள். கடை வைத்துத் தைத்த தமிழ், முஸ்லிம் தையல்காரர்களும் ஆண்களே. சிங்கர் நிறுவனம் 1877இல் இலங்கைக்கு வந்தது. மெஷின் காலப்போக்கில் வீடுகளுக்குள் போய்ப் பெண்களின் கைக்கு வந்து சேர்ந்தது. சீதனச் சாமான்களில் ஒன்றாகவும் அது ஆனது. ஆனால் வெட்டும் மேசை வீட்டுக்கு வரவில்லை. பெண்கள் நிலத்தில் பாயை விரித்து, குந்தியிருந்து, முன்னுக்குக் குனிந்து வெட்டினார்கள். கத்தரிக்கோலும் மேசையும் ஒரு சோடி. மேசை இல்லாத இடத்தில் அந்த வளைந்த பிடியால் கிடைக்கிற பாதி நன்மை போய்விடும். மிஞ்சுவது பாரம் மட்டும்.

ஆலையில் கையுறை, வீட்டில் ஒண்டுமில்லை

வெட்டுவது ஒரு தனி வேலை என்பதை முதலில் கண்டுகொண்டது ஆலை முதலாளிகள்தான். 1858இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோன் பரன் என்ற ஆடை உற்பத்தியாளர், மரப்பலகை அறுக்கப் பயன்பட்ட பட்டைக்கத்தி இயந்திரத்தைத் துணி வெட்டக் கொண்டுவந்தார். பல அடுக்குத் துணியை ஒரே தடவையில் வெட்ட முடிந்தது. 1888இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஈஸ்ற்மன் நிறுவனம் தொடங்கி, மின்சாரத்தில் ஓடும் துணி வெட்டும் கத்தியைப் பரப்பியது.

இதே தொழில்நுட்பம் 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தோடு இலங்கையில் பெருகியது. 1992இல் பிரேமதாசவின் இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் கிராமங்களுக்கும் கார்மெண்ட்ஸைக் கொண்டுபோனது. அங்கே தையல் வரிசையில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். வெட்டும் பகுதியில் நிற்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கத்தியைப் பிடிக்கிறவருக்கு உலோக வளையங்களால் பின்னிய கையுறை உண்டு. ஆபத்தான இயந்திரப் பகுதிகளுக்கு மறைப்பு இருக்க வேணும் என்று 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. நடைமுறை எப்படியோ, சட்டத்தின் கண்ணுக்கு அந்தக் கை தெரிகிறது.

ஆலையில் வெட்டி மிஞ்சிய துணி மூட்டையாகக் கட்டி வெளியே விற்கப்படுகிறது. அதில் ஒரு பங்கு எங்கட மாமிமாரின் வீட்டுக்கு வருகிறது. ஒரே துணி, ஒரே தொழில், ஆனால் ஆலை வாசலைத் தாண்டியதும் கையுறையும் சட்டமும் கூட வருவதில்லை. வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கும் பாதுகாப்பு வேணும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1996இல் ஒரு சமவாயத்தை நிறைவேற்றியது. அதை ஏற்று உறுதிப்படுத்திய நாடுகள் மிகக் குறைவு.

2,640 தடவை

துண்டுகளை ஒட்டிப் போர்வை தைப்பது புது விஷயமில்லை. வங்காளத்தில் காந்தா, மராட்டியத்தில் கோதடி எல்லாம் பழைய சேலைகளை அடுக்கி ஊசியால் தைத்தவை. அங்கே கூடுதலாக உழைத்தது ஊசி. பழஞ்சேலை பெரியது, நிறைய வெட்டத் தேவையில்லை. ஆலைக் கழிவு அப்படியில்லை. கோணல் மாணலான சின்னத் துண்டுகள். ஒவ்வொன்றையும் ஒரே அளவுச் சதுரமாக்கினால்தான் பொருத்தலாம்.

நாங்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். 60 அங்குல அகலம், 88 அங்குல நீளத்தில் ஒரு விரிப்பு. தைத்த பின் 4 அங்குலம் வருகிற சதுரங்கள் என்றால் 15 பெருக்கல் 22, மொத்தம் 330 துண்டுகள். தையலுக்கு விட்டு வெட்டும்போது ஒவ்வொரு பக்கமும் நாலரை அங்குலம். துண்டுக்கு நாலு பக்கம் என்றால் 1,320 பக்கங்கள். ஒரு பக்கத்துக்குக் கத்தரிக்கோலை ரெண்டு தரமாவது மூடித் திறக்க வேணும். அப்படியென்றால் ஒரு விரிப்புக்கு 2,640 தடவை. பெருவிரல் தோல் தடிப்பது ஏன் என்று பிறகுதான் விளங்கியது.

ஒசாக்காவில் இருந்து வந்த சில்லு

இந்தக் கணக்கை மாற்றிய கருவி ஜப்பானில் பிறந்தது. ஒசாக்காவில் அச்சகத்தில் வேலை செய்த யோஷியோ ஒகாடா, மழுங்கிய பிளேட்டுகளோடு படாத பாடு பட்டவர். உடைந்த கண்ணாடித் துண்டால் செருப்புத் தைப்பவர்கள் வெட்டுவதும், கட்டம் கட்டமாக உடைக்கிற சொக்லேற்றும் சேர்ந்து அவருக்கு ஒரு யோசனையைக் கொடுத்தன. 1956இல், முனை மழுங்கினால் முறித்து எறிந்துவிட்டுப் புது முனையோடு தொடரக்கூடிய கத்தியைச் செய்தார். இன்று எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கிற கட்டர் அதன் வழிதான். அவர் உருவாக்கிய ஒல்ஃபா நிறுவனம் 1979இல் உடுப்புத் தைப்பவர்களுக்காக வட்டமான பிளேட் கொண்ட உருளும் கட்டரைக் கொண்டுவந்தது.

அதே காலத்தில் அமெரிக்காவில் ஒட்டுப்போர்வைக்கு மறுபடி மவுசு வந்திருந்தது. 1971இல் நியூயோர்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய போர்வைகளை ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கவிட்டுக் காட்டியது. உருளும் கட்டரைக் கையில் எடுத்த போர்வைத் தையல்காரிகள் வேலை முறையையே மாற்றினார்கள். மட்டப்பலகையைத் துணியில் அழுத்தி, சில்லை அதன் ஓரமாக உருட்டினால் நேரான வெட்டு. துணியைத் தூக்கத் தேவையில்லை, விரல்களை மூடித் திறக்கத் தேவையில்லை. மெல்லிய பருத்தியென்றால் நாலு அடுக்கைச் சேர்த்து வெட்டலாம். எங்கட விரிப்புக் கணக்கில் அது 83 அடுக்குகள், 332 உருட்டல்கள்.

பிளேட் மூடியா திறந்தா?

ஆனால் இது சவர பிளேட்டை வட்டமாக்கிக் கைப்பிடியில் பூட்டியது போன்ற சாமான். பழைய மாதிரிகளிலும் இன்றுள்ள மலிவான பலவற்றிலும் பிளேட்டை மூடுகிற மறைப்பைக் கையால்தான் தள்ள வேணும். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் ஞாபகமாக மூட வேணும். பிள்ளை அழும், அடுப்பில் சோறு பொங்கும், வாசலில் ஆள் கூப்பிடும். அந்த வீட்டில் ஞாபகத்தை நம்பி ஒரு பிளேட்டை வைக்க முடியாது.

நாங்கள் முதலில் வாங்கிக் கொடுத்தது அப்படியான ஒன்றுதான். விலை குறைவு எண்டு வாங்கினோம். ஒரு வாரத்துக்குள் மாமியின் பேரப்பிள்ளை திறந்து கிடந்த கட்டரை விளையாட்டுச் சில்லு என்று எடுத்துவிட்டான். விரலில் சின்ன வெட்டோடு தப்பியது. மாமி எங்களை ஏசவில்லை. கட்டரை ஒரு துணியில் சுற்றி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு, பழைய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டா. அது ஏசியதை விட எங்களுக்குப் பாடமாக இருந்தது. மெஷின் கொடுத்தவர்களைக் குறை சொல்லத் தொடங்கிய நாங்களும் அவவின் வீட்டைப் பார்க்காமல்தான் பொருளைக் கொடுத்திருக்கிறோம்.

அதுக்குப் பிறகு தேடி விளங்கிக்கொண்டவை இவை.

முதலில் பார்க்க வேண்டியது மறைப்பு. கைப்பிடியை அமத்தினால் பிளேட் வெளியே வந்து, விட்டவுடன் தானாக உள்ளே போகிற மாதிரி இருக்கிறது. சிறுபிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அதுதான் சரி. அதோடு மூடிய நிலையில் பூட்டி வைக்கிற பொத்தானும் வேணும். ஒன்று கவனிக்க வேணும்: மூட்டுவாதம் உள்ள கைக்கு எந்நேரமும் அமத்திப் பிடிப்பது நோகும். அவர்களுக்கு மறைப்பைத் தள்ளுகிற மாதிரியே சுகமாக இருக்கலாம். அந்த வீட்டில் ஒவ்வொரு வெட்டுக்கும் மூடுகிற பழக்கம் கட்டாயம். எல்லாக் கைக்கும் ஒரே கட்டர் பொருந்தாது.

அளவு: பிளேட்டுகள் 18, 28, 45, 60 மில்லிமீற்றர் விட்டங்களில் வரும். சதுரமும் பட்டியும் வெட்ட 45 போதும். வளைவுகளுக்கு 28. தடித்த அடுக்குகளுக்கு 60, ஆனால் பாரம் கூட.

பிடி: கையில் வைத்துப் பார்த்து வாங்க வேணும். உள்ளங்கைக்குள் நிரம்ப வேணும், மணிக்கட்டு மடியாமல் நேராக நிற்க வேணும். வியர்க்கிற கைக்கு வழுக்காத றப்பர் பிடி நல்லது. 1967இல் ஃபின்லாந்தின் ஃபிஸ்கார்ஸ் நிறுவனம் செம்மஞ்சள் பிளாஸ்ரிக் பிடி போட்ட கத்தரிக்கோலைக் கொண்டுவந்தபோது, கைக்கு ஏற்ற வடிவில் பிடியை வார்க்கலாம் என்பதை உலகம் பார்த்தது. அதற்கு முன் இரும்பின் வடிவத்துக்குக் கை பழகியது. இடக்கைக்காரருக்குக் கட்டரில் இன்னொரு நன்மை உண்டு. பல மாதிரிகளில் பிளேட்டைக் கழற்றி மறுபக்கம் பூட்டலாம். கத்தரிக்கோலில் அது நடக்காது, தனியாக இடக்கைக் கத்தரிக்கோல்தான் வாங்க வேணும்.

பாயும் மட்டப்பலகையும்: இவை இல்லாமல் கட்டர் வாங்கிப் பிரயோசனமில்லை. சீமெந்து நிலத்தில் உருட்டினால் பிளேட் அன்றைக்கே மழுங்கும். வெட்டுத் தழும்பு மூடிக்கொள்கிற பிளாஸ்ரிக் பாய் வேணும். அதை வெயிலில் வைத்தால் வளைந்துவிடும். மட்டப்பலகை தடித்த பிளாஸ்ரிக்காக இருக்கட்டும், பள்ளிக்கூட அடிமட்டத்தில் சில்லு ஏறி விரலுக்கு வரும். விரல் நுனி எதுவும் மட்டப்பலகை ஓரத்தைத் தாண்டி நிற்கக் கூடாது. உருட்டுவது எப்பவும் உடம்பை விட்டு வெளிப்பக்கமாக. நாங்கள் வீட்டில் வெறுங்காலோடு நிற்கிற ஆட்கள், வெட்டும்போது செருப்புப் போட வேணும்.

பிளேட்: மழுங்கிய பிளேட்தான் கூட ஆபத்து, அமத்தி உருட்டுவோம், சறுக்கும். வாவிக்கரை உப்புக்காற்றுக்குக் கறள் கெதியாகப் பிடிக்கும். வேலை முடிய நூல்தூசியைத் தட்டி, ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டுத் துடைத்து வைக்க வேணும். பாவித்த பிளேட்டைக் குப்பைப் பைக்குள் போடாமல் ஒரு தகரப் பேணியில் சேர்த்து, மூடி ஒட்டிக் கொடுக்க வேணும். குப்பை அள்ளுகிறவருக்கும் கை இருக்கிறது.

கடைசியாக மேசை. இடுப்பளவு உயரத்தில் ஒரு பலகை. கட்டரை ஆளின் பாரத்தால் உருட்ட வேணும், தோள் பலத்தால் அல்ல. நிலத்தில் குந்தியிருந்து உருட்டினால் வலி பெருவிரலில் இருந்து முதுகுக்குப் போகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்ப மாமியிடம் தானாக மூடுகிற 45 கட்டரும், ஒரு பாயும், பழைய கதவுப் பலகையில் செய்த மேசையும் இருக்கின்றன. மூன்றுக்கும் ஆன செலவு மெஷின் விலையோடு ஒப்பிட்டால் சின்னது. இருந்தும் வாழ்வாதாரப் பட்டியல்களில் ‘தையல் மெஷின் - 1’ என்ற வரிக்குக் கீழே வெட்டுவதற்கு என்று ஒரு வரியை நாங்கள் கண்டதில்லை. பட்டியல் போட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. தையல் எண்டால் தைப்பது என்று நினைத்தார்கள். மெஷினுக்கு முன்னால் நிலத்தில் நடக்கிற அரைவாசி வேலையை, பெண்கள் வீட்டில் செய்கிற மற்ற வேலைகளைப் போலவே, யாரும் வேலையாக எண்ணவில்லை.

அடுத்த பட்டியல் எழுதப்படும்போது எங்களில் யாராவது அந்த மேசையில் இருக்கக்கூடும். மெஷினை எழுதிய பிறகு பேனையை வைக்காமல், ‘எதால வெட்டுறீங்க, கை நோகுதா?’ என்று கேட்டு இன்னொரு வரி எழுத வேணும்.