படத்துக்குப் பக்கத்தில் பெயர்

1980-ல் அமெரிக்காவின் சால்ட் லேக் நகரில் உலக ஆவண மாநாடு நடந்தது. வம்சாவளி தேடுகிறவர்கள் பல நாடுகளிலிருந்து வந்து கூடினார்கள். அங்கே யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த மேரியலன் கிறிஸ்டென்சன் ஐம்பதுக்கும் மேற்பட்ட கோப்புகளைக் காட்சிக்கு வைத்தார். அத்தனையும் அவர் குடும்பத்துக் கதை. பார்த்தவர்கள் எப்படிச் செய்தது என்று கேட்டார்கள். கணவரோடு சேர்ந்து செய்முறை நூல் எழுதினார். 1981-ல் ஸ்பானிஷ் ஃபோர்க் என்ற ஊரில் அதற்கென்றே ஒரு கடையும் திறந்தார். 'ஸ்கிராப்புக்' என்று இன்று சொல்லப்படும் குடும்பத் தொகுப்பு இப்படித்தான் பரவத் தொடங்கியது.

அது யூட்டாவிலிருந்து பரவியதற்குக் காரணம் உண்டு. அங்கே மார்மன் சபையினர் அதிகம். முன்னோர் பெயரைத் தேடி எடுத்து, அவர்களுக்காகச் சடங்கு செய்வது அந்தச் சபையில் கடமை. பெயர் தெரியாவிட்டால் சடங்கு இல்லை. திதி கொடுக்க உட்காரும்போது நம்மிடம் மூன்று தலைமுறைப் பெயர் கேட்கிறார்களே, அதே தேவைதான்.

ஆல்பம் அதற்கு மிக முந்தையது. 1854-ல் பாரிஸில் டிஸ்டேரி சின்ன அட்டைப் படத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரே அளவில் படங்கள் குவிந்ததும் அவற்றைச் செருகி வைக்கும் ஆல்பம் வந்தது. 1900-ல் கோடாக் நிறுவனம் பிரவுனி கேமராவை ஒரு டாலருக்கு விற்றது. அதன்பின் விடுமுறைப் பயணத்தைச் சாதாரணக் குடும்பங்களே படம் பிடித்தன. ஆனால் படத்தில் நிற்பது யார் என்று எழுதிவைத்தவர்கள் குறைவு.

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துக்கு இந்தத் தொகுப்புப் பழக்கத்தை ஏன் கொண்டுவருகிறேன் என்றால், கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இந்தக் கரையில் படத்தின் பின்னணியும் சாட்சி சொல்லும். காணும் பொங்கலுக்கு வந்த உறவுக்காரப் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து எடுத்த படத்தில், ஆற்றுக்கு வடக்கே வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிந்தால் அது தொண்ணூறுகளுக்கு முந்தைய படம் அல்ல. அந்த நிலையம் 1994-ல்தான் மின்சாரம் தரத் தொடங்கியது. எண்ணூர் துறைமுகம் 2001-ல் இயங்க ஆரம்பித்தது. எண்ணூர் பழைய அனல்மின் நிலையம் 1970-ல் தொடங்கி 2017-ல் நின்றது. ஆண்டு மறந்த படத்துக்கு ஆண்டு கண்டுபிடிக்க இவ்வளவு இருக்கிறது. நிற்பவர் பெயரை மட்டும் பாட்டிதான் சொல்ல வேண்டும். அவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும் என்று நான் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தக் கரையில் படங்களுக்கு ஆபத்தும் அதிகம். எழுபது, எண்பதுகளில் வந்த ஒட்டும் பக்க ஆல்பத்தின் பசை பழுப்பாகிப் படத்தைப் பிடித்துக்கொள்ளும். உப்புக் காற்றின் ஈரம் பூஞ்சையை வளர்க்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்து எண்ணூர்க் கழிமுகத்துக் குப்பங்களின் கரையிலும் படகிலும் வலையிலும் படிந்தது. வெள்ளத்தில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிய படங்களைக் காயவிட்டுப் பிய்க்கக் கூடாது. சுத்தமான குளிர்ந்த நீரில் போட்டால் பெரும்பாலும் தானே பிரியும். பிறகு படப்பக்கம் மேலே இருக்கும்படி நிழலில் உலர்த்த வேண்டும். புதிதாகத் தொகுப்பு செய்பவர்கள் அமிலமில்லாத தாளும் பாலிப்ரோப்பிலீன் உறையும் கேட்டு வாங்குங்கள். பி.வி.சி. உறை வேண்டாம்.

அமெரிக்கத் தொகுப்பை அப்படியே எடுத்தால் நமக்குப் பொருந்தாது. அவர்கள் குடும்பப் பெயரைத் தலைப்பாக வைத்துக் கிளை கிளையாக மரம் வரைகிறார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அதுவும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அத்தை மகனைக் கட்டிக்கொண்ட பெண்ணுக்கு அத்தையே மாமியார். பிரிந்த கிளை மறுபடி ஒன்றாகிவிடும். அதனால் படத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் கீழே பெயர், அப்பா பெயர், அம்மா பிறந்த ஊர் மூன்றையும் எழுதுங்கள். இரண்டு வழியில் உறவு வந்தால் இரண்டையும் எழுதுங்கள்.