உருளை இழுத்த கை: பல்வங்கர் பாலுவின் வரலாறு



விளையாட்டையே தொழிலாகக் கொண்டு ஒருவர் வாழ முடியும் என்பது இன்று யாருக்கும் வியப்பைத் தராது. பந்தை உதைப்பவருக்கும் சம்பளம் உண்டு, மட்டை பிடிப்பவருக்கும் சம்பளம் உண்டு, புகழும் உண்டு. ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை வேறு. விளையாடுவது வசதி படைத்தவரின் பொழுதுபோக்கு. கூலி வாங்கிக்கொண்டு விளையாடுபவர், எத்தனை திறமைசாலியாக இருந்தாலும், மதிப்பில் ஒரு படி கீழேதான் வைக்கப்பட்டார். இங்கிலாந்தின் கிரிக்கெட் மைதானங்களில் கனவான் ஆட்டக்காரருக்கு ஓர் உடைமாற்றும் அறை. கூலி ஆட்டக்காரருக்கு வேறோர் அறை. இரண்டு பேரும் ஆடுவது ஒரே அணிக்காக! இந்தப் பாகுபாட்டை 1962-ஆம் ஆண்டு இறுதியில்தான் அந்நாட்டார் கைவிட்டார்கள்.

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம் உண்டு. அதுவும் மட்டையும் பந்தும் கொண்டு ஆடுவதுதான். அந்நாட்டில் ஆட்டக்காரர் அனைவருக்கும் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்த முதல் அணி, 1869-ஆம் ஆண்டு சின்சினாட்டி நகரில் அமைந்தது. 1884-இல் மோசஸ் ஃபிளீட்வுட் வாக்கர் என்னும் கறுப்பினத்தவர் டொலிடோ நகர அணிக்காகப் பெரிய போட்டிகளில் ஆடினார். அதன் பிறகு கறுப்பினத்தவருக்கு அந்தக் கதவு அடைக்கப்பட்டது. 1947-இல் ஜாக்கி ராபின்சன் உள்ளே நுழையும் வரை அது திறக்கவில்லை. அங்கே தடையாக நின்றது நிறம். இந்தியாவில் தடையாக நின்றது சாதி. அந்தத் தடையை முதலில் மோதிப் பார்த்த விளையாட்டு வீரர் ஒருவரின் வரலாற்றைத்தான் இன்று சொல்ல வந்தேன். அவர் பெயர் பல்வங்கர் பாலு.

லூமுட், சித்தியவான் வட்டாரத்திலும், பேராக்கின் மற்ற இடங்களிலும் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்களுக்கு இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது. துரைமார் ஆடிய திடலில் புல் வெட்டியது யார், உருளை இழுத்தது யார் என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பாலுவும் அப்படி உருளை இழுத்தவர்தான்.

அவர் பிறந்தது 1876-ஆம் ஆண்டு, இன்றைய கர்நாடக மாநிலத்தைச் சேர்ந்த தார்வாடில். தோல் வேலையோடு பிணைக்கப்பட்டு, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த சமார் சமூகத்தில் பிறந்தார். தந்தையாருக்கு இராணுவத்தைச் சார்ந்த வேலை. குடும்பம் புனே நகரில் வசித்தது. வெள்ளை அதிகாரிகள் ஆடிக் கழித்துப்போட்ட மட்டையையும் பந்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, பாலுவும் தம்பி சிவராமும் கிரிக்கெட் பழகினார்கள். பின்னால் பிறந்த விட்டல், கண்பத் என்ற தம்பிமாரும் இதே ஆட்டத்தில் தேர்ந்தவர்கள் ஆனார்கள்.

பாலுவின் முதல் வேலை புனேயில் பார்சிக்காரர்களின் கிரிக்கெட் சங்கத்தில். திடலைக் கூட்டி, உருளை இழுத்துச் சமன் செய்ய வேண்டும். மாதச் சம்பளம் 3 ரூபாய். 1892 வாக்கில் ஐரோப்பியர்களின் புனே கிளப்புக்கு மாறினார். அங்கே 4 ரூபாய். திடலைப் பராமரிப்பதும், பயிற்சிக்கு வலை கட்டுவதும், கோடு போடுவதும் அவர் வேலை. ஓய்ந்த நேரத்தில் வெள்ளைக்காரர்கள் மட்டை பிடித்துப் பழகுவதற்குப் பந்து வீச வேண்டும்.

இடதுகையால் மெதுவாகச் சுழற்றி வீசும் பந்து அவருடையது. மெதுவான பந்துதானே என்று மட்டையை ஓங்கினால் ஏமாற வேண்டியதுதான். ஒரே மாதிரிக் கையை வீசுவார்; ஒரு பந்து உள்ளே திரும்பும், மற்றொன்று வெளியே விலகும். எந்த இடத்தில் மண் இறுகியிருக்கிறது, எங்கே ஈரம் தங்கியிருக்கிறது என்பது, நாள்தோறும் உருளை இழுத்தவருக்குத் தெரியாமல் இருக்குமா? பால் வெட்டுகிற கைக்கு மரப்பட்டையின் தன்மை தெரிவதுபோல, பாலுவின் கைக்கு மண்ணின் தன்மை தெரிந்திருந்தது.

அந்தக் கிளப்பில் ஆடியவர்களுள் மிகச் சிறந்தவர் கிரெய்க் என்ற ஆங்கில அதிகாரி. தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் பாலுவுக்கு அவர் எட்டணா கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. கணக்குப் பாருங்கள். எட்டு முறை கிரெய்க்கை வீழ்த்தினால் ஒரு மாதச் சம்பளம் கைக்கு வந்துவிடும்! இப்படி மணிக்கணக்காக, ஆண்டுக்கணக்காகப் பாலு பந்து வீசினார். ஆனால் ஒரு முறையேனும் அவர் கையில் மட்டையைக் கொடுத்து, நீயும் அடித்துப் பார் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. பந்து வீசுவது உழைப்பு, அது வேலைக்காரனுக்கு. மட்டை பிடிப்பது இன்பம்; அது எசமானுக்கு.

புனேயின் இந்துக்கள் தங்களுக்கென ஒரு கிரிக்கெட் அணி வைத்திருந்தார்கள். வெள்ளையரை வெல்ல வேண்டுமானால் பாலு வேண்டும். ஆனால் பாலுவைச் சேர்த்தால் சாதி ஆசாரம் என்ன ஆவது? நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு சேர்த்துக்கொண்டார்கள். எப்படி? திடலில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். ஆட்டம் நின்று தேநீர் வேளை வந்ததும், மற்றவர்கள் கூடாரத்துக்குள் பீங்கான் கோப்பையில் குடித்தார்கள். பாலுவுக்கு வெளியே, குடித்ததும் எறிந்துவிடும் மண்குவளையில் கொடுத்தார்கள். சாப்பாட்டுக்குத் தனி மேசை. வெற்றி மட்டும் எல்லோருக்கும் பொது!

சாதாரா என்ற ஊரில் வெள்ளையர் அணியோடு நடந்த ஆட்டத்தைப் பற்றிச் சுவையான செய்தி ஒன்று உண்டு. பாலுவின் சுழல் எடுபடக்கூடாது என்பதற்காக, திடலை ஒரு வாரம் உருளை இழுத்து இறுக்கி வைத்தார்களாம். அப்படியும் பாலு ஏழு பேரை வீழ்த்தினார். திடல் வேலைக்காரனையே திடலைக் கொண்டு மடக்கப் பார்த்தால் நடக்குமா? ஊர் திரும்பிய அணிக்கு நடந்த பாராட்டில், சீர்திருத்தவாதியான நீதிபதி மகாதேவ் கோவிந்த ரானடே பாலுவைப் பாராட்டினார். கூடி விளையாட முடியுமானால் கூடி உண்பதற்கு என்ன தடை என்பதுதான் அவரது கருத்து.

பிளேக் நோய் புனேயைத் தாக்கிய காலத்தில் பாலு பம்பாய்க்குப் போனார். அங்கே ரயில்வேயில் வேலை கிடைத்தது. ரயில்வே அணிக்காகவும் இந்து ஜிம்கானா அணிக்காகவும் ஆடினார். 1906-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பம்பாயில் இந்து அணியும் ஐரோப்பிய அணியும் மோதின. இந்துக்கள் 242, 160 என்று ஓட்டங்கள் எடுத்தனர். ஐரோப்பியர் எடுத்தவை 191, 102. வித்தியாசம் 109 ஓட்டங்கள். பாலுவும் சிவராமும் இருவருமே அந்த அணியில் இருந்தார்கள். ஆளும் இனத்தை அதன் சொந்த ஆட்டத்திலேயே தோற்கடித்த மகிழ்ச்சி நாடெங்கும் பரவியது. இந்து ஜிம்கானாவில் பாலு மற்றவர்களோடு அமர்ந்து உண்ண இடம் பெற்றதை அக்காலச் சீர்திருத்தப் பத்திரிகை பெரிய முன்னேற்றமாக எழுதியது.

1911-இல் பட்டியாலா மகாராஜாவின் தலைமையில் அகில இந்திய அணி ஒன்று இங்கிலாந்து சென்றது. பாலுவுக்கு அப்போது வயது 35; தோளில் வலி வேறு. அணி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றது. ஆனால் பாலு அந்தப் பயணத்தில் 114 விக்கெட்டுகளை எடுத்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அணிக்கு எதிராக ஒரே இன்னிங்சில் எட்டுப் பேரை வீழ்த்தினார். பம்பாய் திரும்பியபோது தாழ்த்தப்பட்ட மக்கள் கூடி அவருக்கு வரவேற்பு அளித்தார்கள். அந்த வரவேற்பில் பங்குகொண்டவர்களுள் ஒருவர், அப்போது கல்லூரி மாணவராக இருந்த பீமராவ் அம்பேத்கர். பிற்காலத்தில் இந்திய அரசியல் சட்டத்தை வரைந்த அதே அம்பேத்கர்தான்!

இவ்வளவு சாதித்தவரை அணித் தலைவராக்கினார்களா? இல்லை. ஆண்டுதோறும் அவர் பெயர் பேசப்பட்டது, ஆண்டுதோறும் ஒதுக்கப்பட்டது. தலைமை ஏற்ற எம். டி. பாய் என்பவரே, மூத்தவரான பாலுவுக்குத்தான் இந்தப் பெருமை சேர வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். திறமையைப் பயன்படுத்திக்கொள்ளலாம், அதன் கீழ் நிற்கக்கூடாது. இதுதான் அன்றைய நியாயம்.

1920-இல் நிலைமை முற்றியது. முதல் ஆட்டத்துக்கான அணியில் பாலு சேர்க்கப்படவில்லை. தலைமையும் அவர் தம்பிமாரைத் தாண்டி வேறொருவருக்குப் போனது. சிவராமும் விட்டலும் அணியிலிருந்து விலகினார்கள். தாங்கள் விலகுவது ஏன் என்று ஊரறிய அறிக்கையும் விட்டார்கள். காந்தியடிகள் தீண்டாமை ஒரு பாவம் என்று பேசிவந்த காலம் அது. பொதுமக்களின் கருத்து சகோதரர்கள் பக்கம் திரும்பியது. அணியினர் இறங்கி வந்தார்கள். அடுத்த ஆட்டத்தில் பாலு துணைத் தலைவர். பாய் வேண்டுமென்றே சிறிது நேரம் திடலை விட்டு வெளியேற, அந்த நேரத்துக்குப் பாலு அணியை நடத்தினார். அவருக்குக் கிடைத்த தலைமை அவ்வளவுதான்.

ஆனால் திறந்த கதவு மறுபடி மூடவில்லை. 1923-இல் விட்டல் இந்து அணியின் தலைவரானார். அந்த ஆண்டு ஐரோப்பியரை வென்று கோப்பையைக் கைப்பற்றினார்கள். மேல்சாதி ஆட்டக்காரர்கள் விட்டலைத் தோளில் தூக்கிச் சென்றார்கள். அண்ணனுக்கு மண்குவளை நீட்டிய சமுதாயம், தம்பியைத் தோளில் சுமந்தது!

ஆட்டத்தை விட்ட பின் பாலு அரசியலுக்கு வந்தார். 1932-இல் உருவான புனே ஒப்பந்தத்தில், தமிழகத் தலைவர் எம். சி. ராஜாவோடு அவரும் கையொப்பமிட்டார். 1937-இல் பம்பாய்ச் சட்டசபைத் தேர்தலில் காங்கிரஸ் அவரை அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தியது. அம்பேத்கர் 13,245 வாக்குகள் பெற்று வென்றார். பாலு பெற்றவை 11,225. ஒரே மக்களின் விடுதலையை விரும்பிய இருவர் வெவ்வேறு வழியில் நின்றதால் வந்த மோதல் அது. 1955-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் பாலு காலமானார்.

இந்தியா முதல் டெஸ்ட் ஆட்டம் ஆடியது 1932-இல். அதனால் பாலுவின் பெயர் டெஸ்ட் ஏடுகளில் இல்லை. முதல்தர ஆட்டங்கள் 33, விக்கெட்டுகள் 179 என்பதே அவர் கணக்கு. வரலாற்றாசிரியர் இராமச்சந்திர குகா 2002-இல் எழுதிய நூல்தான் மறந்துபோன அந்தப் பெயரை மறுபடி பலரும் அறியச் செய்தது.

நேயர்களே, திறமை இருந்தால் போதும், மதிப்பு தானே தேடி வரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். பாலுவின் வாழ்க்கை இதில் பாதியை மட்டுமே ஒப்புக்கொள்கிறது. திறமை அவரைத் திடலுக்குள் கொண்டுசென்றது. சமமாக உட்கார இடம் கிடைத்ததற்கு, மனச்சாட்சி உள்ளவர்கள் வாய் திறந்து பேசியது காரணம். தலைமை கிடைத்ததற்கு, தம்பிமார் இருவர் தங்கள் இடத்தையே பணயம் வைத்து, இது அநியாயம் என்று ஊரறியச் சொன்னது காரணம். நம் பிள்ளைகளுக்குத் திறமையை வளர்த்துக்கொடுப்போம். அதனோடு, ஒருவருக்கு இழைக்கப்படும் அநீதியைக் கண்டால் மற்றவர் சேர்ந்து நிற்கும் பழக்கத்தையும் வளர்த்துக்கொடுப்போம். உருளை இழுத்த அந்தக் கை நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே.